கல்லில் வெட்டக் கூடாத விண்மீன்

எனக்குப் பொறாமையாம், அதனால்தான் உமது நினைவுக்கல்லுக்குக் குறுக்கே நிற்கிறேனாம். பதுளையில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். பிழை. எனக்கிருப்பது அருவருப்பு.

நேற்று கடைவீதியில் ரேடியோ திருத்தும் கடையில் நின்றேன். ஈயம் உருகும் மணம் வந்தது. எப்போதும் அந்த மணத்தோடு திரிந்த உம்மை நினைக்குமுன்னே உமது நினைவுக் குழுவின் செயலாளர் வந்துவிட்டார். கல்லுக்கான வாசகத்தை நீட்டினார்: ‘பசறை மலையிலிருந்து புதிய விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த மேதை.’

“அப்படி ஒன்று நடக்கவில்லை” என்றேன்.

“போய்ச் சேந்தவருக்கு ஒரு பெருமைய குடுத்தா உங்களுக்கு என்னங்க மேடம் கொறையுது?”

என் கணவரின் கல்லில் பெயரும் ஊரும் மட்டுமே உண்டு. அதற்குமேல் உண்மையாக எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. உமக்கு அந்தக் குறை இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பசறைக்கு மேலே மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் நாம் அந்தக் கருவியைச் செய்தோம். ரேடியோ தொலைநோக்கியின் தட்டு பிடிக்கும் வான் அலைகளை எண்களாக்கி, ஆயிரக்கணக்கான மெல்லிய அலைவரிசைகளாகப் பிரித்துக் காட்டும் பெட்டி. சுற்றுகளை நீர் வரைந்தீர், கணக்கு என்னுடையது. ஓட்டிய சில நாட்களிலேயே திரையில் கூரான கோடொன்று எழுந்தது. புதிய விண்மீன் என்று கொழும்பிலிருந்து பெரியவர்கள் கேக்கோடு வந்து இறங்கினார்கள். கேக் வெட்டக் கத்தி தேடிய அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

நீர் தட்டை வானத்திலிருந்து இறக்கி, எதிர்மலைத் தேயிலையைப் பார்க்கத் திருப்பினீர். கோடு அப்படியே நின்றது.

“பாத்தீங்களாக்கா, தேயிலைக்குள்ளயும் நட்சத்திரம் மொளைச்சிருக்கு.”

“உம்மட பெட்டியின்ர வேலைதான். கேக்கைச் சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லும்.”

“இல்லக்கா, இப்பவே சொல்லிர்றேன். தின்னுட்டாங்கன்னா அப்புறம் நம்ப மாட்டாங்க.”

சொன்னீர். கருவிக்குத் தாளம் கொடுக்கும் கடிகாரச் சுற்றின் மின் துடிப்பே கசிந்து கோடாகியிருந்தது. அந்தப் பகுதியைப் பிஸ்கட் தகரத்துக்குள் அடைத்தீர், கோடு மறைந்தது. பெரியவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். அவர்களில் இருவர் இன்று குழுவில் இருக்கிறார்கள். கேக் மட்டும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

பின்னாளில் அந்த மலையில் கைபேசிக் கோபுரம் எழுந்தது. அதன் வலிய அலை பக்கத்து அலைவரிசைகளுக்குள் வழியாதபடி நீர் வடிகட்டி ஒன்று செய்தீர். அதனால்தான் நம் தொலைநோக்கி பிழைத்தது. நேற்று அதைத்தான் கல்லில் வெட்டச் சொன்னேன்.

“அது யாருக்குங்க வெளங்கும்?” என்றார் செயலாளர்.

விளங்காதவர்கள் வாசிக்க ஒரு கல் வேண்டுமாம்!

யார் எதை உரக்கச் சொன்னாலும், தட்டை முதலில் மலைப்பக்கம் திருப்பிப் பார்க்கும் புத்தி எனக்கு உம்மால் வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. நீரே மறுத்த பொய்யை உமது பெயருக்குக் கீழே வெட்ட விடமாட்டேன்.

இந்தக் கடிதத்தின் பிரதி குழுவுக்கும் போகிறது. செயலாளர் அவர்களே, அந்த வரியை நீக்குவீர்களா, மாட்டீர்களா? தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.