கவிழ்த்து வைத்த போன்

மார்ச் 4

இன்று முழுக்க "ஆ காட்டு, ஆ காட்டு" என்று சொல்லியே பொழுது போனது. காலையில் வாண்டிடம், பிறகு ஸ்டுடியோவில் மைக்கிடம். மைக் எவ்வளவோ தேவலை. முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, வாயில் இருப்பதை என் மேல் துப்புவதும் இல்லை.

நான் ஒரு வாத்து. குழந்தைகளுக்கான கார்ட்டூனில் வரும் வாத்தக்காவுக்கு நான்தான் பின்னணிக் குரல். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிற ஒழுக்கமான வாத்து. பாதிப் பிள்ளைகள் அவள் சொன்னால்தான் வாயையே திறக்கின்றனவாம். என் மகள் வாண்டு மட்டும் அவளைப் பார்த்ததில்லை. இரண்டரை வயதாகிறது. மூன்று முடிகிறவரை டிவி, போன் எதையும் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் என் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பால்பல்கூட விழாத பிள்ளைகளுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டி அனுப்பி நொந்துபோனவர்.

ஆக, நான் பேசுகிறேன், பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கின்றன, கடைசியில் அவர் கடைக்குப் போகின்றன. குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 6

டைரக்டரம்மா இன்றும் அதே பாட்டு. "நடிக்காதீங்க. வீட்டுல பாப்பாகிட்ட பேசுற மாதிரி பேசுங்க."

குரல் தேர்வுக்குப் போன அன்று நான் கீச்சுக் குரலில் வாத்து மாதிரிதான் பேசிக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். அப்போது பார்த்து வீட்டிலிருந்து போன். அழுதுகொண்டிருந்த வாண்டிடம் இரண்டு வார்த்தை சமாதானம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதான்! இந்தக் குரல்தான் வேணும்!"

வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 11

கதை எழுதுகிறவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. "உங்க வீட்டுல என்ன விளையாடுவீங்க?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். நான் கதவுக்குப் பின்னாலோ பீரோவுக்குப் பக்கத்திலோ ஒளிந்துகொண்டு, "அம்மா குரல் எங்க இருக்கு? வந்து கண்டுபிடி!" என்பேன். வாண்டு சத்தம் வந்த பக்கமாகத் தேடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். "கண்டுபிடிச்சிட்டியே, கெட்டிக்காரி!" என்று தூக்கிக்கொள்வேன். அவ்வளவுதான் விளையாட்டு.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. உடனே எழுதி, உடனே பதிவும் செய்தாயிற்று. இனி வாத்தக்கா புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா குரல்" என்பதை மட்டும் "என் குரல்" என்று மாற்றி, அதையே சொல்வாள்.

வாண்டின் விளையாட்டை வாண்டைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். கேட்டிருந்தால் "மாட்டேன்" என்றிருப்பாள். அவள் எதற்குமே மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. சரிதானே?

மார்ச் 25

பகலில் வாண்டைப் பார்த்துக்கொள்வது மாமா, அதாவது என் மாமனார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக நான் வேலை முடிந்து வந்தால் தட்டைக் காட்டுகிறார். துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

"என்ன மந்திரம் மாமா?"

"பொறுமைதாம்மா. வேற என்ன?"

ராத்திரி நானும் பொறுமையாக ஊட்டிப் பார்த்தேன். மசித்த கிழங்கு என் காதுக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 2

வாண்டு பொம்மைக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மேல மேல, கீழ கீழ, பளபளன்னு பல்லைப் பாரு!" வாத்தக்காவின் வசனம். ஏற்ற இறக்கம்கூட அப்படியே.

நான் வீட்டில் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டே பிடித்திருக்கிறாள்! கணவரிடம் சொல்லிப் பூரித்துப் போனேன். "பார்த்தீங்களா? ஸ்கிரீன் எதுக்கு? என் வாயைப் பார்த்தே கத்துக்கிறா." மாமா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 9

ஸ்டுடியோவில் ஏசி பழுது. சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மதியமே வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனால், உள்ளே என் குரல்.

"அடடா, இன்னொரு வாய்! யாரு வாய் பெரிய வாய்?"

ஒற்றைக்கால் செருப்போடு அப்படியே நின்றேன். உள்ளே நான் ஏற்கெனவே ஊட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகவும் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் மடித்த துண்டு. துண்டின் மேல் மாமாவின் போன், கவிழ்த்து வைத்தபடி. வாண்டு போனின் முதுகையே பார்த்துக்கொண்டு, கேட்காமலேயே வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

"என்ன மாமா இது?"

"பார்க்கக் கூடாதுன்னுதானேம்மா உத்தரவு? அவ பார்க்கலையே. கேக்குறா. உத்தரவுல காதைப் பத்தி ஒண்ணும் வரலையே."

"போன் போன்தானே மாமா!"

"கவுத்து வெச்சா அது ரேடியோ."

சாயங்காலம் என் கணவர் வந்ததும் பிராது வைத்தேன். துண்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அப்பனும் பிள்ளையும் நல்ல ஜோடி.

எனக்கு ஏன் இப்படி எரிகிறது? சட்டம் மீறப்பட்டதாலா? இல்லை. உள்ளே வந்ததும் நான் "வாண்டு" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. போன் "கண்ணம்மா" என்றது. தலையை ஆட்டினாள். அதுவும் என் குரல்தான். அதுதான் தாங்கவில்லை. வேறு ஒருத்தி என்றால் சண்டையாவது போடலாம்.

ஏப்ரல் 10

காதும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மாமா திருத்தத்தை ஆட்சேபம் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரல் 11

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 12

சாப்பிடவில்லை. ஒரு பிஸ்கட். அதிலும் பாதி சோபாவுக்கு.

ஏப்ரல் 17

வாத்தக்கா வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கதை. காலையிலிருந்து கத்தல். வீட்டுக்கு வந்தால் "ஒரே ஒரு வாய்டா, ஒரே ஒரு வாய்" என்று இங்கே வேறு கத்தல். சாயங்காலமே தொண்டையில் மணல் கொட்டின மாதிரி இருந்தது.

ஏப்ரல் 18

குரல் போய்விட்டது. வசனத்துக்கு நடுவில் காற்று மட்டும் வந்தது. சவுண்ட் இன்ஜினியர் முதலில் மைக்கை மாற்றினார், பிறகு வயரை மாற்றினார், அதற்கும் பிறகுதான் என்னைச் சந்தேகப்பட்டார்.

தொண்டை டாக்டர் கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது என்றார். "பத்து நாள் மௌனம். கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் மோசம்."

கூட வந்திருந்த என் கணவர் ரொம்பவும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார். மனைவி பத்து நாள் பேச மாட்டாள் என்ற செய்தியை இவ்வளவு துக்கத்தோடு கேட்டுக்கொண்ட கணவர் வேறு யாரும் இருக்க முடியாது.

வாண்டுக்கு எப்படிச் சொல்வது? கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவள் என் வாயை இரண்டு கையாலும் பிளந்து உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"எங்க போச்சு?"

ஏப்ரல் 19

விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் "அம்மா குரல் எங்க இருக்கு?" என்று அவளே கேட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தேடினாள். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கடியில், வாஷிங் மெஷினுக்குள். நான் பின்னாலேயே நடந்தேன். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள், ஆனால் அவள் தேடியது என்னை இல்லை.

மதியத்துக்கு மேல் சிரிக்கவில்லை. தேடுவதை மட்டும் விடவில்லை.

ஏப்ரல் 21

சாப்பிடவில்லை. கன்னம் வற்றிவிட்டது. கெஞ்ச எனக்கு வாயில்லை. மாமா கெஞ்சிப் பார்த்தார், என் கணவர் பாடிக்கூடப் பார்த்தார். அதற்குப் பிறகு அழ வேறு செய்தாள்.

துண்டை மடித்தேன். மாமாவின் போனை எடுத்து வாத்தக்காவைப் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். நானே. என் கையால். மாமா மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் என் மூடின உதட்டை ஒரு பார்வை, போனை ஒரு பார்வை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி.

ஏப்ரல் 23

இன்றும் துண்டு, போன், கிண்ணத்தில் மசித்த கிழங்கு. நாலு வாய் உள்ளே போயிருக்கும். ஒரு கதை முடிந்து அடுத்த கதை தானாகவே ஆரம்பித்தது. என்ன கதை என்று எனக்குத் தோன்றுவதற்குள் போன் கேட்டுவிட்டது.

"என் குரல் எங்க இருக்கு? வந்து கண்டுபிடி!"

வாண்டு மெல்லுவதை நிறுத்தினாள். நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

பிடுங்கியிருக்கலாம். ஸ்பூனை வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை முதல் தடவை ஸ்கிரீனைப் பார்க்கிற நாளைப் பற்றி நானும் அவரும் எவ்வளவு பேசியிருக்கிறோம். சொக்கிப்போவாள், வாயைப் பிளந்து உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் கையிலிருந்து பிடுங்கவே முடியாது என்றெல்லாம். அவள் சொக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. புதருக்குப் பின்னாலிருந்து மஞ்சள் வாத்து தலையை நீட்டி என் குரலில் சிரித்தது. அதன் மூஞ்சியில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"ஏய்! அது எங்கம்மா குரல்! குடு!"

"கண்டுபிடிச்சிட்டியே, கெட்டிக்காரி!" என்றது வாத்து.

இன்னொரு அடி. பிறகு அழவில்லை, கத்தவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். குனி என்று கையைக் காட்டினாள். குனிந்தேன். போனை என் வாயில் வைத்து அழுத்தினாள்.

"இந்தாம்மா. போட்டுக்கோ."

கண்ணாடி சூடாக இருந்தது, கிழங்கு வாசனை அடித்தது. நான் வாயைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? திறந்துகொண்டே கட்டை விரலால் போனை அணைத்தேன். வாத்து பாதிச் சிரிப்பில் நின்றது. வாண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே இறங்குகிறதா என்று.

டாக்டர் சொன்ன நாள் இன்னும் பாதி பாக்கி.

"வந்துடுச்சு" என்றேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது.

கவனமாகக் கேட்டாள். "உடைஞ்சிருக்கு" என்றாள். "வாத்து உடைச்சிடுச்சு."

அதற்குப் பிறகு கிண்ணம் முழுவதையும் என் கையால் சாப்பிட்டாள், நான் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சாமலேயே. எனக்குத்தான் கண் மறைத்துக்கொண்டு ஸ்பூன் எங்கெங்கோ போனது. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

மாமாவின் போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "காலி, தாத்தா."

என் கணவர் கடையிலிருந்து வந்ததும் விசாரணை. "ஸ்கிரீன் பார்த்திருக்காளா? சட்டத்தை மீறினது யாரு?"

மாமா யோசிக்கவே இல்லை. "வாத்து" என்றார்.

மே 12

குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. போன வாரமே டைரக்டரம்மாவிடம் போய், இனிமேல் வாத்து வாத்தாகவே பேசட்டும், கீச்சுக் குரலில் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன்.

"கீச்சுக் குரல் யாருக்கு வேணும்? ஊர்ல எல்லா வாத்தும் அப்படித்தான் பேசுது. அம்மா குரல்னாலதான் பிள்ளைங்க கேக்குது."

"அதனாலதான் மேடம் வேண்டாங்கறேன்."

அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி எனக்கும் சொல்ல வரவில்லை. என் குரலை வைத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். பெரிய காரியம் செய்த பெருமை எல்லாம் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பயம். வேறு வேலை கிடைக்காவிட்டால்?

எனக்குப் பதிலாக, முயலுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணை எடுத்திருக்கிறார்களாம். கைக்குழந்தைக்காரி. இன்று பாக்கிச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. "நடிக்காதீங்கம்மா, வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க" என்று கேட்டது.

ஜூன் 20

இப்போது நான் ஒரு பேங்க். "உங்கள் கணக்கு இருப்பை அறிய எண் ஒன்றை அழுத்தவும்." வீட்டில் யாரிடமும் நான் பேசாத குரல். அதனால் நிம்மதி.

மாமா பென்ஷன் விஷயமாகப் போன் போட்டிருக்கிறார். ஒன்றை அழுத்தச் சொன்னேனாம். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தினாராம்.

செப்டம்பர் 9

போன வாரத்தோடு வாண்டுக்கு மூன்று முடிந்தது. சட்டம் காலாவதி.

இன்று சாயங்காலம் முறைப்படி ஆரம்பித்தோம். அவர் டிவியிலிருந்து டேப் வைத்து அளந்து நாற்காலியைப் போட்டார். மாமா விளக்கைச் சரிசெய்தார். எதைப் போடுவது என்று கேட்டால் "வாத்து" என்றாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போட்டோம்.

புதுக் கதை, புதுக் குரல். "அடடா, இன்னொரு வாய்!" இழைகிற, வாஞ்சையான குரல். நன்றாகப் பேசுகிறாள், என்னைவிட நன்றாகவே. வாண்டு கையைக் கட்டிக்கொண்டு, கோபமில்லாமல், கடைசிவரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது யாரோட அம்மா குரல்?"

தெரியாது என்றேன்.

முந்தாநாள்தான் பஸ் ஸ்டாப்பில், இப்போது வாத்துக்குப் பேசுகிற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பையனுக்கு ஒன்றரை வயதாம். முன்பெல்லாம் வாயே திறக்க மாட்டானாம். இப்போது அவள் வீட்டில் இல்லாவிட்டால்கூட மதியம் அடம்பிடிக்காமல் சாப்பிட்டுவிடுகிறானாம். என்ன மந்திரமோ தெரியவில்லை அக்கா என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.