அக்கா மகள் ஓடுகிறாள், நான் தண்ணீர் கொடுக்கிறேன்

பிப்ரவரி 2

லாரியில் இன்று மூன்று நடை. கடைசி நடையில் மருத்துவமனைத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது காவலாளி கேட்டான், "அண்ணே, உங்க அக்கா பொண்ணு மறுபடியும் ஓடப் போகுதாமே?"

"ஓடறதா? பறக்கப் போறா" என்றேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஐம்பது என்று சொன்னேன். சொல்வதற்குக் காசா பணமா.

போன வருடம் பாதி வழி தாண்டிச் சுருண்டு விழுந்தாள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதாம். தண்ணீர் லாரி ஓட்டுகிறவனின் அக்கா மகள், தண்ணீர் இல்லாமல் விழுந்தாள்! நான் எவன் முகத்தில் விழிப்பது? அந்த அவமானத்தில் ஒரு வாரம் சாப்பிடவில்லை. சரி, சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9

தீக்குச்சி வந்தாள். அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர் அது, உடம்பு அப்படி. கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவள்.

"மாமா, இந்தத் தடவை எப்படியாவது கடைசிக் கோட்டைத் தொட்டுடணும். விழுந்த பொண்ணுன்னுதான் கடையில இன்னும் அடையாளம் சொல்றாங்க. தண்ணி உங்க பொறுப்பு."

என் பொறுப்பு! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனிடம் உயிரைக் கொடுக்கிறாள் பிள்ளை. உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

அவளுடைய பயிற்சியாளர், கழுத்து விசிலைக் கழற்றவே மாட்டார், "தாகம் எடுத்தா குடிக்கட்டும், வழியெல்லாம் தண்ணி மேஜை போடுவாங்க" என்றார்.

"தாகம் எடுத்தப்புறம் குடிக்கிறது, தீப்பிடிச்சப்புறம் என் லாரியைக் கூப்பிடற மாதிரி சார்" என்றேன்.

விசில்காரர் வாயடைத்து நின்றார். அவர் காதில் போன் இருந்தது, எதிர்முனைக்காரர் பேசிக்கொண்டிருந்தார்தான். ஆனாலும் நின்றார்.

பிப்ரவரி 20

அக்கா சொல்கிறாள், நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியில் பாதியைத்தான் நம்ப வேண்டுமாம். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 7

நாளை ஓட்டம். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் துணி வாங்கப் போனோம். எல்லாரையும் எடை போட்டு, துணியின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். தீக்குச்சி நாற்பத்தொன்பது கிலோ.

"எடை எதுக்குப்பா?"

"வழியில யாராவது விழுந்தா எவ்ளோ வத்தியிருக்காங்கன்னு பார்க்க."

"எங்க பொண்ணு ஒரு சொட்டு வத்த மாட்டா" என்றேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில் பை கட்டியாகிவிட்டது.

மார்ச் 8

எழுத வரவில்லை. உயிரோடு இருக்கிறாள். அது போதும்.

மார்ச் 10

இன்று எழுத வருகிறது. இதில் ஒரு எழுத்துகூட ஏற்றி எழுதவில்லை.

நல்ல வெயில். திருப்பத்துக்குத் திருப்பம் முன்னால் போய் நின்று பாட்டிலை நீட்டினேன். ஒரு இடத்தில், "போதும் மாமா, வயிறு குலுங்குது" என்றாள்.

"மாமாவுக்காக ரெண்டு வாய்."

குடித்தாள். என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. நடுவில் மேஜைகளிலும் குடித்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசிக் கோட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள். தாங்கிப் பிடித்தேன். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

ஐயோ, என்னையா கேட்கிறே? நான்டி, உன் மாமாடி...

முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விசில்காரர் பின்னாலேயே வந்தார். "போன வருஷம் மாதிரியே வத்திப்போச்சு. சீக்கிரம் டிரிப் போடுங்க!" நானும் அதைத்தான் நினைத்தேன். பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இருங்க. இதுவரைக்கும் எவ்ளோ குடிச்சிருக்கு?"

"பன்னெண்டு பாட்டில்மா. அரை லிட்டர் பாட்டில். என் கையால குடுத்தேன்."

"சிஸ்டர், இவர் அளக்கிறதை நம்பாதீங்க. பாதிகூடத் தேறாது" என்றார் விசில்காரர். கோட்டருகே காத்திருந்து ஓடி வந்த அக்காவும், "ஆமாம்மா, இவன் எதையும் கூட்டித்தான் சொல்வான்" என்று அழுதாள்.

வாழ்க்கையில் ஒரு தடவை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நம்ப ஆளில்லை. யாரைக் குற்றம் சொல்ல?

வெளியே ஓடி, பைகளை அவிழ்த்து வந்து கூடாரத் தரையில் கவிழ்த்தேன். காலி பாட்டில்கள் கட்டிலுக்கடியிலெல்லாம் உருண்டு ஓடின. காலி பாட்டிலைக்கூட வழியில் வீசுகிறவன் இல்லை நான். "எண்ணிப் பாருங்கம்மா! மேஜையில குடிச்சது தனி!"

அவர் எண்ணவில்லை. தீக்குச்சியின் கையை எடுத்துப் பார்த்தார். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. எண் துணியைத் திருப்பினார். இரண்டு பேர் பிடித்து அவளை எடை மேடையில் நிறுத்தினார்கள். ஐம்பத்தொன்று.

"இவ்ளோ தூரம் ஓடி எடை ஏறியிருக்கு. தண்ணி வத்தலை, கூடிப்போச்சு! ரத்தத்துல உப்பு நீர்த்துப்போனா மூளை வீங்கிடும். டாக்டரைக் கூப்பிடுங்க."

தண்ணீர் கூடி ஒரு ஆள் சாவானா? இருபது வருடம் தண்ணீர் சுமந்த எனக்குத் தெரியாதே.

டாக்டர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெரிய டிரிப்பை ஒதுக்கிவிட்டு, உப்பு அதிகம் உள்ள சின்னப் பாட்டிலை ஏற்றினார். ஆம்புலன்ஸில் போகும்போது கண் திறந்து, "ஏன் மாமா அழறீங்க?" என்றாள். மாமா என்றாள்!

மார்ச் 12

வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

"விடுங்க மாமா. வாய் என்னோடதுதானே, மூடிக்கிட்டு ஓடியிருக்கலாம்ல."

அக்கா, "இனி தண்ணியைத் தூக்கிக்கிட்டு இவ பக்கம் வந்தே, கையை உடைப்பேன்" என்றாள். சொல்லிக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள். திட்டிவிட்டுச் சோறு போடும் அக்கா எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மார்ச் 14

மருத்துவமனை நடை. கூடாரத்தில் இருந்த நர்ஸம்மாவுக்கு இங்கேதான் வேலை, தேடிப் போய்க் கும்பிட்டேன். "நீங்க கேட்டீங்களே, எவ்ளோ குடிச்சிருக்குன்னு. அதுக்கு."

"பதில் தெரிஞ்ச ஆள் கூட வர்றது அபூர்வம்ங்க. அதுவும் பாட்டிலோட" என்று சிரித்தார்.

லாரி நிறுத்தத்தில் இதைச் சொல்லும்போது, நானும் டாக்டரும் கலந்து பேசி முடிவெடுத்ததாகச் சொன்னேன். கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 15

முடித்துவிட்டாள்! என் அக்கா மகள் கோட்டைத் தொட்டுவிட்டாள்!

எத்தனையாவதாக வந்தாள் என்பதை நாளை நிறுத்தத்தில் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், இங்கே எதற்கு. வந்த பிறகு காலை நீட்டி உட்கார்ந்து உப்பு பிஸ்கட் தின்றாள். அக்கா அவள் காலைப் பிடித்துவிட்டாள். விசில்காரர் என் தோளில் கை போட்டார். கடவுளே, உனக்கு என்ன செய்வேன் நான்.

எனக்கு இந்த முறை ஒரே இடம்தான் கொடுத்தாள், பாலத்தைத் தாண்டிய வளைவு. "அங்க நில்லுங்க மாமா. ஒரே ஒரு டம்ளர். வேணும்னா நானே வாங்கிக்கிறேன்."

காலையிலிருந்து நின்றேன். தூரத்தில் தெரிந்தாள், நிதானமான ஓட்டம், தெளிந்த முகம். டம்ளரை நீட்டினேன். கண்ணைப் பார்த்து, "இப்ப தாகம் இல்ல மாமா" என்று சிரித்துவிட்டுப் போனாள். பின்னாலேயே ஓடத் துடித்த காலை எப்படிப் பிடித்து வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருப்பது தெரிந்தது. டம்ளர் தண்ணீரை நானே குடித்தேன். அப்படி ஒரு இனிப்பு.