கண்ணை மூடிய படம்

என் தங்கத்துக்கு,

என் போட்டோவைப் பார்த்துவிட்டு, எனக்கு அறுவை செய்த அதே டாக்டரிடம் நாள் குறித்துவிட்டாயாமே! போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் காலில் விழுகிறேன், போகாதே.

போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறேன். தொங்கிய இமை போயே போய்விட்டது. இல்லை என்று சொல்லவில்லை.

அவர் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தாயா? எல்லாரும் கண்ணைத் திறந்தே இருக்கிறார்கள். கண்ணை மூடிய படம் ஒன்று காட்டச் சொல். “அதெல்லாம் எதுக்கும்மா, சின்ன வேலைதானே” என்பார். என்னிடமும் அதையேதான் சொன்னார். இமை அறுவைக்குப் படித்தவரா என்று கேட்க எனக்குக் கூச்சம். வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் நான்!

இப்போது என்னைப் பார்ப்பவர் அதற்கென்றே படித்த டாக்டரம்மா. “தோலை அதிகமா வெட்டிட்டாங்க” என்றார். நீ அவரிடம் போ. உன்னைக் கூட்டிப் போக நான் வருகிறேன்.

களிம்பு போடுகிறேன். படுக்கும்போது இமையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன். அது சில சமயம் கழன்றுவிடுகிறது.

சின்னவள் இப்போது என்னோடு படுப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சொன்னாள்: “நீ தூங்கும்போதும் என்னையே பாக்குறம்மா. பயமா இருக்கு.”

போகாதே, கண்ணே.

உன் அக்கா