வாயாடியின் தொண்டை

நம் வாயாடியின் அம்மாவுக்கு,

உன் தோள்வலி தேவலையா? நீ வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவரைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்காதே. இங்கே நானும் நம் பெண்ணும் இருக்கிறோம். நீ போனை எடுப்பதில்லை. அதனால் நாளை விமானம் ஏறும் உன் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் தொண்டையில் லேசர் வைத்து எடுத்த மருக்கள் மறுபடி மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டன. மயக்க மருந்து கொடுக்கும் அறையில் இருக்கும் நர்ஸ், ‘மறுபடி வந்துட்டியா கண்ணு’ என்று அவள் தலையைத் தடவுகிறாள். இந்த முறை நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதாம். டாக்டர் படத்தைக் காட்டினார். படம் எனக்குப் புரியவில்லை, அவர் முகம் புரிந்தது.

இன்னமும் நான் ஓட்டும் பள்ளி வேனில் என் பக்கத்து சீட்டில்தான் வருகிறாள். வண்டி நிற்கும் முன்பே பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கத்துவாளே, இப்போது கதவைத் தட்டுகிறாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மற்ற பிள்ளைகள் கேலி செய்வதில்லை. சத்தம் போடாமல் ஏறி உட்காருகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியாகப் பேசியபோது, ‘பெத்தப்போ என்கிட்ட இருந்துதானே அவளுக்கு ஒட்டிச்சு’ என்று அழுதாய். அதன்பிறகு உன் குரலே இல்லை. டாக்டரிடம் கேட்டேன். ‘இந்த மரு வர வைக்கிற வைரஸ் எத்தனையோ அம்மாக்கள்கிட்ட இருக்குங்க. அவங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. எது உள்ள நுழைஞ்சாலும் முதல்ல கண்டுபிடிச்சு சத்தம் போடற காவல் நம்ம உடம்புல பிறவியிலேயே இருக்கு. உங்க பொண்ணுக்கு இந்தக் கிருமிகிட்ட மட்டும் அது சரியா வேலை செய்யல. வீட்டு ஆளுன்னு விட்டுடுச்சு’ என்றார். சளி, காய்ச்சல் எல்லாம் வந்த வழியே போகிறதே என்றேன். ‘அதான் சொல்றேன், இந்த ஒண்ணுகிட்ட மட்டும்தான் ஏமாந்துடுச்சு. இது யார் தப்பும் இல்ல’ என்றார். யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருப்பேன். கொடுத்துப் பார்த்த மருந்து எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேச்சு வருமா என்று கேட்டதற்கு, ‘முதல்ல மூச்சு விடட்டும்’ என்றார்.

நேற்று தலை வாரிவிடும்போது திரும்பி என் காதருகே வந்து, ‘என் குரல் அசிங்கமா இருக்குன்னுதான் அம்மா பேசறதில்லையாப்பா’ என்று கேட்டாள். அம்மாவுக்கு வேலை அதிகம் என்றேன். பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டுச் சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தடவை கூப்பிடு. அவளிடம் எதுவும் கேட்காதே, பதில் சொல்லப் போனால் இருமலில் மூச்சு முட்டும். நீ மட்டும் பேசு. என்ன சமைத்தாய், ஜன்னலில் என்ன தெரிகிறது, எதையாவது பேசு. அழுகை வந்தால் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்.

லீவு கேள். இல்லை என்றால் மறுபடி கேள். என்ன அவசரம் என்றால், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல். அதற்கு மேல் அவர்களும் கேட்க வேண்டாம். நீயும் என்னைக் கேட்காதே.

பத்திரமாக வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
வாயாடியின் அப்பா