அப்பா சுற்றிய கட்டு

ஜூன் 11, புதன்

இன்று அப்பாவிடம் சொல்லாதது: வண்டி ஏன் நின்றுபோகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். இரண்டு இருமல், பிறகு அமைதி. லஸ் சிக்னலில் இன்று மூன்று முறை. பின்னால் நாங்கள் வாடகைக்கு விடும் நாற்காலிகள், பந்தல் துணி. பக்கத்தில் அப்பா. சர்க்கரையால் இடது கால் விரல்களை எடுத்ததிலிருந்து அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. நான்தான் டிரைவர். எம்.ஏ. படித்த டிரைவர்.

மெக்கானிக் ரெஹான் அண்ணன் டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்துவிட்டார். "எங்கியோ காத்து இழுக்குது, அல்போன்ஸண்ணே" என்று டீசல் குழாயைத் தொடப்போனார். அதில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து அப்பா சுற்றிய கட்டு ஒன்று இருக்கிறது.

"அத அவுக்காத. நான் கட்டினது."

"இன்னா, தாலியா கட்டிக்கினே? சரி, உன் வண்டி."

அவர்கள் டீ குடிக்கப் போனபோது அவிழ்த்தேன். உள்ளே நீள விரிசல். அப்படியே திரும்பச் சுற்றிவிட்டேன்.

ஜூன் 14

மைசூர் நூலகத்திலிருந்து மறுபடி கடிதம். ஜூலை முதல் தேதி வேலையில் சேர வேண்டும். வீட்டில் சொல்லவில்லை. வண்டி செத்தால் அப்பா தொழிலை விட்டுவிடுவார், நான் போகலாம். ஒரு மகள் இப்படியா நினைப்பாள்? நினைக்கிறேன்.

ஜூன் 20

நின்றது. மூன்று பேர் தள்ளினார்கள். "மேடம், செகண்ட் கியர் போடு!"

ஜூன் 28

அடையாறு பாலத்தில் நின்றது. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்த கத்த அப்பா இறங்கித் தள்ளினார். பஸ் ஒன்று அவர் சட்டையை உரசிக்கொண்டு போச்சு. விரல் எடுத்த இடம் கிழிஞ்சு செருப்பெல்லாம் ரத்தம். ஐயோ, நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்?

சாயங்காலம் புதுக் குழாய் வாங்கி நானே மாட்டினேன். கால் மணி நேர வேலை.

ஜூன் 30

வண்டி சும்மா நிற்கும்போதும் சீராக ஓடுகிறது. இனி இது ஓடிக்கொண்டே இருக்கும், நானும். வர இயலாது என்று மைசூருக்கு எழுதிவிட்டேன்.

ஜூலை 3

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "வடபழனி ஆளு வண்டிய எடுத்துக்கிறான், ஜொவி. நீ டியூஷன் எடுக்கப் போற நேரத்துல முன்னயே நாலு பேரு வந்து பாத்தானுங்க. அப்பல்லாம் ஸ்டார்ட் பண்ணா உடனே நின்னுடும், எவன் வாங்குவான்? எத்தினி நாளு உன்ன இதுல ஒக்கார வெக்கிறது, சொல்லு."



ஜூலை 7

வடபழனிக்காரர் ஓட்டிப்போனார். தெருமுனையில் தண்ணி லாரிக்காக வெகுநேரம் காத்திருந்தார். எஞ்சின் நிற்கவில்லை.

மைசூரிலிருந்து பதில் வந்தது. அந்த இடத்தில் வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள்.