படகில் பத்துப் பேர்

லீல், 17 நவம்பர் 1912

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? இரவில் ஜன்னலைச் சாத்தித் தூங்குங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எலுவா கடலில் போய் ஒரு மாதம் ஆகிறது. அழுகை இன்னும் வரவில்லை. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

நேற்று உடன் வேலை செய்யும் பெண்கள் விடவில்லை. "வா அத்தை, போரெல்லாம் காட்டுறாங்களாம்" என்று படக்கொட்டகைக்கு இழுத்துப் போனார்கள். முதலில் பால்கன் போர். சிப்பாய்கள் கோழி மாதிரி விடுவிடுவென்று நடக்கிறார்கள். அடுத்து நம் ஊரில் கிளம்பிய அந்த விமானம். புல்வெளி, கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஃபிர்மேன். என் பிள்ளைதான், வாயெல்லாம் சிரிப்பாகத் தொப்பியை ஆட்டுகிறான். மீட்புப் படகில் தன் இருக்கையை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்க்கப் போனவன். அந்த விமானம் கடலில் விழுந்து மணி அடித்தபோது அவன் இடத்தில் துடுப்புப் போடப் போனவர் அவன் அப்பா எலுவா.

பிறகு படகு வந்தது. கரைக்குத் திரும்புகிறது; எல்லாருக்கும் முதுகுதான் தெரிகிறது. எண்ணினேன். பத்துப் பேர். இடப் பக்கம் மூன்றாவது ஆளின் கம்பளிச் சட்டையில், முழங்கையில், நான் வேறு நூலில் போட்ட ஒட்டு. எலுவா. நடுவே விமானி போர்வைக்குள் இருக்கிறார். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போகும் வழியிலேயே அலை அவரை இழுத்துக்கொண்டது என்று சொன்னீர்களே அண்ணா. படத்தில் திரும்பி வருகிறாரே. கரைக்கு வந்தவரையா சாகவிட்டீர்கள்?

படம் ஓட்டுகிறவரிடம் அந்தத் துண்டைக் கேட்டேன். "சுருள் தேஞ்சதும் வெட்டித் தர்றேம்மா" என்றார். "படகு மட்டும் போதும். தொப்பிய ஆட்டுறவன் வேண்டாம்" என்றேன்.

உங்கள் தங்கை
ஒனோரின்

*

வாஸ்மேர், 22 நவம்பர் 1912

அன்புத் தங்கை ஒனோரினுக்கு,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

யாரும் உன்னிடம் பொய் சொல்லவில்லை. விடை இடித்தால் கேள்வியை மறுபடி படி என்று பள்ளியில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? இன்னொரு முறை போ. படகைப் பார்க்காதே, கடலைப் பார். அன்றைக்கு நம் வீட்டுக் கதவை ஒரு கையால் திறக்க முடிந்ததா? படத்தில் அந்தக் காற்று இருக்கிறதா?

படக்காரர்கள் வந்தது எல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து, நீ லீலுக்கு ரயிலேறிய பிறகு. விமானம் கிளம்பியதை எடுத்தவர்களிடம் மீட்பு இல்லை. அதனால் மறுபடி செய்து காட்டச் சொன்னார்கள். விமானி நன்றாகத் தேறி என் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் படகில் ஏற்றினார்கள். "அன்னிக்கு இவ்வளவு குளிரல" என்று அவர் சொன்னதற்குச் சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

எலுவாவின் இருக்கையில் இருந்தது வேறு ஆள். யாரென்று சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்லை.

ஹெர்ரிங் மீன் மலிந்துவிட்டது. ஃபிர்மேன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சாப்பிடுகிறான். நீ கேட்கவில்லை, எழுதுகிறேன்.

உன் அண்ணன்
ஆன்செல்ம்

*

லீல், 26 நவம்பர் 1912

அண்ணாவுக்கு,

போய்ப் பார்த்தேன். கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இறந்தவன் இருக்கையில் வருஷப் பூசை முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது. வாஸ்மேரில் பிறந்த நாய்க்குக்கூட அது தெரியும். உட்கார்ந்தவன் யார்? அந்தச் சட்டையை அவர் அன்று போட்டுப் போகவில்லை, அங்கே வீட்டில் என் பெட்டியில் இருந்தது; அதைக்கூட மறந்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தது யார்? அனுமதியை வாங்கி எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதம் வேண்டாம்.

ஒனோரின்

*

வாஸ்மேர், 1 டிசம்பர் 1912

அன்புத் தங்கைக்கு,

அனுமதி கேட்டேன். தரவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

வகுப்புப் படம் எடுக்கும் நாளில் ஒரு பையன் காய்ச்சலில் படுத்திருந்தால், படக்காரர் மற்றவர்களை நெருங்கி உட்காரச் சொல்வார். நான் விடமாட்டேன். அவன் இடத்தில் அவனுடைய சிலேட்டுப் பலகையை வைப்பேன். நெருங்கி உட்கார்ந்துவிட்டால் அப்படி ஒரு பையனே இல்லை என்று ஆகிவிடும்.

அன்று கரையிலும் அதுதான் நடந்தது. மூன்றாவது இருக்கை காலியாக இருந்தது. படக்காரர், "ஒரு பக்கம் துடுப்பு குறையுது, படம் கோணலா விழும். எதிர்ல இருக்கறவரையும் எறக்கிடுங்க" என்றார்.

படகுத் தலைவர் பாதிஸ்துக்குக் கோபம். "எட்டுப் பேராய்யா போனோம்?"

"பாக்கறவன் எண்ணிக்கிட்டா இருக்கப் போறான்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்கம்மா எண்ணுவாங்க."

ஃபிர்மேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான்.

"எறங்குடா. பூசை முடியல" என்றார் பாதிஸ்த்.

"அப்பா போகலன்னு படத்துல வரக் கூடாது. தள்ளுங்க படகை."

அன்று முதல் பாதிஸ்த் அவனோடு பேசுவதில்லை. ஊரில் பாதிப் பேர் பேசுவதில்லை. அவன் யாரிடமும் விளக்கம் சொல்வதும் இல்லை. "அம்மாவுக்கு எழுதாதீங்க மாமா. அவங்களாவது அப்பாவைப் பார்த்ததா இருக்கட்டும்" என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

தொப்பியை ஆட்டுகிறவனும் அவன்தான், துடுப்புப் போடுகிறவனும் அவன்தான், ஒனோரின். இரண்டுக்கும் நடுவில் நான்கு நாள். அந்த நான்கு நாள் எந்தப் படத்திலும் இல்லை.

உன் அண்ணன்
ஆன்செல்ம்

*

லீல், 9 டிசம்பர் 1912

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகும் போனேன். கடைசி நாளாம், இனிமேல் வேறு படம். எலுவா என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் என் பிள்ளையின் முதுகைப் பார்த்திருக்கிறேன். அவன் நடக்கக் கற்ற பிறகு அவ்வளவு நேரம் அவனைப் பார்த்ததில்லை. அழுகை வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள்.

படம் ஓட்டுகிறவர் சொன்னபடி துண்டை வெட்டி வைத்திருந்தார். "தொப்பிக்காரனும் வேணும்" என்றேன்.

"வேண்டாம்னீங்களேம்மா?"

"இப்ப வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். இரண்டையும் ஒரே காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ரயிலில் வருகிறேன். அந்தச் சட்டையை வெந்நீரில் போட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள், கம்பளி சுருங்கிவிடும். பாதிஸ்திடம் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

ஃபிர்மேனிடம் பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ரயிலடிக்கு வரச் சொல்லுங்கள். பெட்டி கனம்.

உங்கள் தங்கை
ஒனோரின்