பூங்காவுக்குப் போன பதினொரு பேர்

அனுப்பர்பாளையம்
13.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஜோதி எழுதுவது.

நேற்றிலிருந்து மூன்று முறை போன் செய்தேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துவிட்டீர்கள். நேரில் வந்தாலும் எனக்குப் பாதிப் பேச்சுதான் வரும். அதனால் எழுதி, கருத்தம்மா மதினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வர்ற அன்னைக்கு, ஒரு வண்டிப் பொம்பளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போ. செடி கொடி படிச்சவ நீதானே" என்று நீங்கள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தாவரவியல் பட்டம் வாங்கி, நீங்கள் மேனேஜராக இருக்கும் பனியன் கம்பெனி ஆபீஸில் இரண்டு வருடமாக வருகைப் பதிவேடுதான் எழுதுகிறேன். படித்ததற்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்தது என்று நினைத்தேன்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. பெருமாநல்லூருக்கு அப்பால் எட்டு ஏக்கர். எல்லாம் இந்த மண்ணின் செடிகள். வெட்பாலை வெள்ளையாகப் பூத்திருந்தது. உசிலை மரத்தடியில் நின்று, "நாம தலைக்குத் தேய்க்கிற அரப்பு இந்த இலைதான்" என்றேன். பட்டன் பிரிவு பழனாயி அக்கா சிரித்துவிட்டார். "ஏங்கண்ணு, இதைப் படிக்கறதுக்கா மூணு வருசம் காலேஜுக்குப் போனே?" கிளுவைக்குப் பெயர்ப்பலகை வைத்திருந்ததைப் பார்த்ததும் இன்னும் சிரிப்பு. "எங்க ஊட்டு வேலியே இதுதான். ஒரு போர்டு வெச்சா நானும் டிக்கெட் போடலாமாட்ட இருக்குது." எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் அக்கா அந்தப் பலகையைத் தொட்டுப் பார்க்க முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். இரண்டு விரல் இல்லை, அண்ணே. சின்னக் காயம் என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்?

அதற்குப் பிறகு நான் செடிகளைப் பார்க்கவில்லை, வந்தவர்களைப் பார்த்தேன். எட்டாம் மாத வயிற்றோடு ஆஷா. வயதுச் சான்று கொண்டுவராத நாலு சிறுமிகள். இருமல் நிற்காத மூன்று பேர். காலில் வெந்நீர் கொட்டிய இரண்டு பேர். வேலையாட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வந்த ஆடிட்டர் கண்ணில் படக்கூடாதவர்களை எண்ணி வண்டியில் ஏற்றியிருக்கிறீர்கள். மேய்த்துக்கொண்டு போனவள் நான்.

அக்காவிடம் கேட்டேன். "உங்க அண்ணந்தான் சொன்னாரு கண்ணு. ஆடிட் முடியட்டும், ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்னு." எப்போது எழுதித் தரப்போகிறீர்கள்? போன மாதம் விபத்து நடந்த காலையில், விரல் மாட்டாமல் தடுக்கும் அந்த பட்டன் மெஷினின் இரும்புக் காப்பு ஜன்னல் மேடையில் தனியாகக் கிடந்ததை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கழற்றியது யார்?

பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
நாகஜோதி


நெருப்பெரிச்சல்
20.6.2025

தங்கச்சி ஜோதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இதையும் நீ அப்படியே செய்.

பழனாயி தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை விசாரணை. முதலாளி தரணீதரன் என்னைக் கூப்பிட்டு, "ராஜபாண்டி, அந்தம்மா மார்ச் மாசமே நின்னுட்டாங்க. நம்ம ஆளே இல்லீங்க. அப்பிடித்தான் சொல்லோணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உன் மேஜைக்குப் புதுப் பதிவேடு வந்திருப்பதைக் கவனித்திருப்பாய். அதில் அந்தப் பெயர் இருக்காது.

அவர் ஜூன் மாதத்திலும் நம் ஆள்தான் என்பதற்கு இப்போது மிச்சம் இருப்பது நீ எழுதியதுதான். பூங்காவில் கிளம்பும்போது வந்தவர்களின் பட்டியல் கேட்டால், மற்றவர்கள் 'பதினொரு பேர்' என்று கிறுக்கிவிட்டு வருவார்கள். நீ ஒரு கட்டம் விடாமல் பெயர், கம்பெனி, பிரிவு, எத்தனை வருட வேலை என்று எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தும் வாங்கியிருக்கிறாய். டிரைவர் அருள்செல்வன் சொல்லிச் சிரிக்கிறான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று உன்னைச் சின்ன வயதிலிருந்து பயமுறுத்திப் பழக்கியவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை போ. தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லி அந்தத் தாளை வாங்கிக்கொள். பழனாயி இல்லாமல் பத்துப் பேருக்கு வேறு எழுதி வை.

காப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டாய். நான்தான். அன்று சரக்குப் போயாக வேண்டும், காப்பு இருந்தால் வேலை ஓடாது. வெளியே தெரிந்தால் முதலாளி என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறேன் தாயி. யோசித்துச் செய்.

அண்ணன்
ராஜபாண்டி


அனுப்பர்பாளையம்
22.6.2025

அண்ணனுக்கு,

போனேன். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அர்த்தநாரி ஐயா நாற்றுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள், "தப்பா எழுதிட்டீங்களா அம்மிணி? அதுக்கென்னங்க, மாத்திக்குங்க" என்று கோப்பையே கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், வைத்தேன். புதுத் தாளில் பத்துப் பெயர் எழுதினேன். கையெழுத்துக் கட்டம் வந்தபோதுதான், பத்துப் பேருக்கும் நானே போட வேண்டும் என்று உறைத்தது. ஆஷாவின் கையெழுத்தைப் போட்டேன். அவளே போட்டது போல வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அதைக் கிழித்துவிட்டேன். பழையதை எடுத்த இடத்திலேயே வைத்து, ஐயாவிடம் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். பழனாயி அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டேன்.

காப்பைப் பற்றி அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பதிவேடு எழுதுபவள் என்று, புதன்கிழமை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் சொல்வேன். அன்று காலையில் பார்த்தும் நான் வாய் திறக்காமல் போனதையும் சொல்வேன். எனக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள், அண்ணே. கெஞ்சிக் கேட்கிறேன். என் வாயிலிருந்து உங்கள் பெயர் வர வேண்டாம்.

ஜோதி


நெருப்பெரிச்சல்
25.6.2025

ஜோதிக்கு,

பத்து மணிக்கு நீ வந்தபோது என்னைத் தேடியிருப்பாய். நான் ஒன்பது மணிக்கே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். காப்பைக் கழற்றச் சொன்னது நான், பழனாயி இன்றுவரை எங்கள் ஆள், பதிவேடு மாற்றப்பட்டது, எல்லாம். உன் பெயரை எழுதவில்லை.

பழனாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். "சாப்ட்டீங்களா தம்பி" என்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

மத்தியானம் முதலாளி கம்பெனிச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை நிறுத்திவிட்டார். அப்போதும் மரியாதையாகத்தான். உன்னையும் நிறுத்துவார்கள், அதற்கு முன்னால் வேறு இடம் பார்.

நான் செய்தது சரி என்று உன் மதினி சொல்கிறாள். எனக்கும் தெரிகிறது. ஆனால் உன்மேல் கோபம் இல்லை என்று எழுத வரவில்லை. இருக்கிறது. முதலில் நகலைக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னிடம் கெஞ்சினாய் பார், அது.

நானாகக் கூப்பிடும்வரை இந்தப் பக்கம் வராதே. அத்தையைக் காணோமே என்று பிள்ளைகள் கேட்டால், கம்பெனியில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன்
ராஜபாண்டி